ஹார்ட் டிஸ்க் தகராறு செய்யும்போது: சீரமைப்பு மென்பொருளை எந்த வரிசையில் பயன்படுத்துவது

சென்ற ஐப்பசி மழையின்போது ஒரே இரவில் எங்கள் வீட்டில் மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. மறுநாள் காலை மேசைக் கணினியை இயக்கியபோது விண்டோஸ் தானாகவே வட்டைச் சரிபார்க்கத் தொடங்கியது. அது முடிந்த பிறகும் கணினி மெதுவாகவே இயங்கியதால், ஆழமாகச் சரிபார்த்தால் குணமாகிவிடும் என்று எண்ணி, விண்டோஸோடு வரும் வட்டுச் சரிபார்ப்புக் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk) ‘ஆர்’ (/r) விருப்பத்துடன் நானே ஓட்டினேன். பத்தொன்பது மணி நேரம் ஓடிய பின்பு அது 11 விழுக்காட்டில் நின்றுபோனது. அதன்பின் அந்த 1 டி.பி. வட்டைக் கணினி அடையாளம் காணவே இல்லை. அப்பாவின் ஓய்வூதியக் கோப்புகள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், ஆறு ஆண்டுப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திரும்பப் பெற 21,240 ரூபாயும் நாற்பது நாளும் ஆயின.

மென்பொருளில் குறை ஏதும் இல்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் செய்ய வேண்டியதை நான் முதலில் செய்தேன். அதே நிலையில் இன்று நிற்பவர்களுக்காகச் சரியான வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னதாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘டிஸ்க் ரிப்பேர்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்யும் மென்பொருள்கள் உலவுகின்றன. முதல் வகை வட்டின் உடல்நிலையைப் படித்துச் சொல்லும். இரண்டாவது வகை, எந்தக் கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்று குறித்துவைக்கும் கோப்பு முறைமையைச் சீராக்கும். மூன்றாவது வகை காணாமல் போன கோப்புகளைத் தேடி எடுக்கும். கன்னிமாரா நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்க, அவை எங்கே உள்ளன என்று காட்டும் பதிவேடு மட்டும் கிழிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டைத் திருத்தி எழுதுவதுதான் செக்டிஸ்க் போன்ற சீரமைப்பு மென்பொருளின் பணி. அலமாரியையே கரையான் அரித்திருந்தால் பதிவேட்டைத் திருத்துவதால் பயன் இல்லை என்பதோடு, திருத்துவதற்காக ஒவ்வொரு தட்டையும் பிடித்து இழுக்கும்போது அலமாரியே சரிந்துவிடும். உங்கள் வட்டில் கெட்டிருப்பது பதிவேடா, அலமாரியா என்று அறியாமல் எந்தச் சீரமைப்பையும் தொடங்காதீர்கள்.

1. முதலில் காதால் கேளுங்கள்

வட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரே சீரான ஒலி வந்தாலோ, கிறீச்சிடும் ஒலி கேட்டாலோ, சுழலத் தொடங்கி உடனே நின்றாலோ, அந்த நொடியே கணினியை அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் படிப்பு முனையோ மோட்டாரோ பழுதாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பரப்பில் கீறல் விழக்கூடும். நேராக 8ஆம் படிக்குச் செல்லுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த வட்டுக்கும் இதுவே விதி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளில் கணினிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வட்டை வெயிலில் காயவைத்து ‘ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ என்று மின்சாரம் கொடுப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

கணினியை இயக்கியதும் விண்டோஸ் தானாகச் சரிபார்க்கத் தொடங்குவதாக அறிவித்தால், அதைத் தவிர்க்கச் சில வினாடிகள் அவகாசம் தரும். அதற்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் சரிபார்ப்பு நடக்காது. நகல் எடுக்காத நிலையில் இருந்தால் அழுத்திவிடுங்கள். நான் அழுத்தாமல் விட்டது அந்த விசையைத்தான்.

2. தாள்களையும் எண்களையும் திரட்டுங்கள்

இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டு முழுவதும் நின்றுபோன பிறகு இவற்றில் பாதி கிடைக்காது.

வாங்கிய பில் முதலில் வேண்டும். அதில் வட்டின் வரிசை எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாடல் எண், வரிசை எண், கொள்ளளவு மூன்றும் அதில் இருக்கும். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டும். மடிக்கணினியோடு வந்த வட்டுக்குப் பெரும்பாலும் மடிக்கணினி நிறுவனம்தான் பொறுப்பேற்கும். வட்டின் தயாரிப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது பிட்லாக்கர் சாவி. புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே விண்டோஸின் பிட்லாக்கர் வசதி வட்டைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டிவைத்திருக்கும். அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உலகின் எந்த மென்பொருளாலும் கோப்புகளைப் படிக்க இயலாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கெட்ட கணினிக்குள் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், அதையும் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவு எதுவும் இல்லை. கால் மணி நேரம் போதும்.

3. வட்டின் உடல்நிலையைப் படியுங்கள்

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் அதைப் படிக்கக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் உண்டு. படிப்பது மட்டுமே இவற்றின் வேலை; வட்டில் உள்ள கோப்புகளை இவை தொடுவதில்லை. ஆனால் தகராறு செய்யும் வட்டிலேயே எதையும் நிறுவாதீர்கள். நிறுவத் தேவையில்லாத பதிப்பை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் வைத்து ஓட்டுங்கள்.

மேலே நீல நிறத்தில் ‘குட்’, மஞ்சளில் ‘காஷன்’, சிவப்பில் ‘பேட்’ என்று ஒரு முடிவு தெரியும். அதோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போன எத்தனை செக்டர்களுக்கு (வட்டு தரவை எழுதும் சிறு கட்டங்களுக்கு) பதிலாக வட்டு தன் சேமிப்பிலிருந்து மாற்று இடம் கொடுத்திருக்கிறது என்று சொல்லும். சி5 என்ற வரி, படிக்க இயலாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி6 என்பது சோதித்துப் பார்த்தும் மீட்க முடியாதவை. சி7 மட்டும் உயர்ந்து, மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் மகிழுங்கள். பெரும்பாலும் அது வட்டின் பழுது அன்று, கேபிளின் பழுது. நூறு, இருநூறு ரூபாயில் வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் புதிதாக மாற்றினால் தீர்ந்துவிடக்கூடிய தொல்லைக்காக வட்டையே மாற்றியவர்களை நான் அறிவேன். கேபிளை மாற்றிய பின்பும் சி7 எண் குறையாது. மேலும் ஏறாமல் இருந்தால் அதுவே குணமானதற்கு அறிகுறி.

இங்கே பலரை ஏமாற்றும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த எண்களை இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும். அதில் 10 என்று முடிந்தால் நம் கணக்கில் 16; 64 என்று முடிந்தால் நம் கணக்கில் 100. மெனுவில் மூல மதிப்புகளைத் தசம முறைக்கு மாற்றும் வசதி உண்டு. மாற்றிவிட்டுப் படியுங்கள், படித்ததைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வாரண்டி கோரும்போது இது உதவும்.

சி5 அல்லது சி6 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அலமாரியைக் கரையான் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். முடிவு ‘குட்’ என்று இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும் வட்டுகளும் உண்டு. வெளிவட்டுகளின் யு.எஸ்.பி. உறைகளில் சில இந்தக் குறிப்பை வெளியே கடத்துவதில்லை. அப்போது வட்டை உறையிலிருந்து எடுத்து நேரடியாக இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

4. சீராக்கும் முன் நகல் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

கெட்ட வட்டின் கொள்ளளவுக்குச் சமமான, முடிந்தால் பெரிய வட்டு ஒன்று வேண்டும். நான் 2 டி.பி. வெளிவட்டுக்கு 6,800 ரூபாய் கொடுத்தேன். மேசைக் கணினியின் வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைக்க சாட்டாவிலிருந்து யு.எஸ்.பி.க்கு மாற்றும் கேபிள் தேவை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. வாங்கும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மடிக்கணினியின் 2.5 அங்குல வட்டு யு.எஸ்.பி. தரும் மின்சாரத்திலேயே ஓடிவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். அடாப்டர் இல்லாத கேபிளை வாங்கி வந்து, வட்டு சுழலாததைக் கண்டு வட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஸ்மார்ட் எண்கள் பூஜ்யமாக இருந்தால் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தாலே போதும். முக்கியத்துவ வரிசையில் எடுங்கள்: முதலில் ஆவணங்கள், பிறகு படங்கள், கடைசியில் திரைப்படங்களும் பாடல்களும்.

சி5 எண் ஏறியிருந்தால் கோப்பு கோப்பாக எடுப்பதை நிறுத்திவிட்டு, வட்டு முழுவதையும் பிம்பமாக, அதாவது செக்டர் செக்டராக உள்ளது உள்ளபடியே, நகலெடுங்கள். இதற்குச் சிறந்தது ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கினால் அந்த மென்பொருள் தயாராக இருக்கும். அதன் பெருமை என்னவென்றால், எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைப் பின்னால் பார்க்க ஒதுக்கிவைத்துவிடும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிவைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறந்தால் இந்த வசதி கிடைக்காது. எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று வட்டு உங்கள் கோப்புகளின்மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே 2ஆம் படியில் குறித்துவைத்த வரிசை எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டு முறை படித்த பிறகே எண்டரை அழுத்துங்கள்.

நேரக் கணக்கு எளிது. நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஓடும் நல்ல வட்டில் 1 டி.பி. படிக்க ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். பழுதான வட்டில் அது நாட்கணக்காக நீளலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இருக்கும். முந்தைய நாள் நாளிதழில் உங்கள் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மின்விசிறிக்கு நேரே வட்டை வைப்பதும் நல்லது. சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் பல மணி நேரம் ஓடும் வட்டு கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

5. இப்போது சீரமைப்பு மென்பொருளை ஓட்டுங்கள்

நகல் கையில் இருக்கிறது. உடல்நிலை எண்களும் நன்றாக இருக்கின்றன. இந்த நிலையில்தான் செக்டிஸ்க் தன் முழுப் பயனையும் தரும். மின்தடையால் பாதியில் நின்ற எழுத்து, வெளியேற்றாமல் பிடுங்கிய பென் டிரைவ், அடிக்கடி உறைந்துபோன விண்டோஸ் ஆகியவற்றால் வரும் பதிவேட்டுக் குழப்பங்களை அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தீர்த்துவிடுகிறது. இதற்காகப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் செக்டிஸ்க், மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்ட், லினக்ஸில் எஃப்.எஸ்.சி.கே. ஆகியவை கணினியோடு வருபவையே.

செக்டிஸ்க்கை முதலில் எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டுங்கள். அப்போது அது படித்து அறிக்கை மட்டும் தரும், எதையும் மாற்றாது. பிழை இருப்பதாகச் சொன்னால் ‘எஃப்’ (/f) விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் என்றால், பயன்பாட்டில் இருக்கிறது, அடுத்த முறை இயக்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ‘ஒய்’ கொடுத்து மறுஇயக்கம் செய்யுங்கள்.

‘ஆர்’ விருப்பம், ‘எஃப்’ செய்வதையெல்லாம் செய்துவிட்டு, வட்டின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும். நல்ல வட்டில் அது பல மணி நேர வேலை. சாகும் நிலையில் இருக்கும் வட்டில் அதுவே கொலை முயற்சி. கடைகளிலும் காணொளிகளிலும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக ‘ஆர்’ விருப்பத்தைச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. நகல் எடுத்த பின்பு, வட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று அறிய மட்டும் அதை ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் இருத்துங்கள். செக்டிஸ்க்கின் நோக்கம் பதிவேட்டை முரண்பாடு இல்லாமல் ஆக்குவதே. உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் முதன்மை நோக்கம் அன்று. பதிவேட்டோடு ஒத்துப்போகாத துண்டுகளை அது கத்தரித்து, ‘ஃபவுண்ட் 000’ என்ற மறைந்த கோப்புறையில் பெயரற்ற கோப்புகளாகப் போட்டுவிடும். சீரமைத்த பிறகு ஏதேனும் காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். கோப்பு முறைமையை அடையாளம் காண முடியாமல் விண்டோஸ் ‘ரா’ (RAW) என்று காட்டும் வட்டில் செக்டிஸ்க் வேலை செய்யாது; அது 6ஆம் படிக்கு உரியது.

6. கோப்புகள் தெரியவில்லை, ஃபார்மட் செய்யச் சொல்கிறது என்றால்

‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற பெட்டி தோன்றினால் ரத்து என்பதை அழுத்துங்கள். பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதோடு வரும் ஃபோட்டோரெக், பதிவேட்டைப் பார்க்காமல் வட்டைத் தடவித்தடவிப் படங்களையும் ஆவணங்களையும் எடுக்கும். கோப்புகளின் பழைய பெயர்கள் மட்டும் கிடைக்காது. இரண்டும் இலவசம். இரண்டையும் 4ஆம் படியில் எடுத்த பிம்பத்தின்மேல் ஓட்டுங்கள். மீட்டெடுப்பவற்றை அதே வட்டில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். எழுதும் ஒவ்வொரு கோப்பும் இன்னும் மீட்காத வேறொன்றின்மேல் விழும்.

இலவசமாகத் தேடிக் காட்டிவிட்டு, சேமிக்கும்போது பணம் கேட்கும் மென்பொருள்கள் பல உண்டு. பட்டியலில் பெயர் தெரிவதால் கோப்பு முழுதாக இருக்கிறது என்று பொருள் இல்லை. முன்னோட்டத்தில் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

7. எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பை மீட்பது அரிது. டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனுக்குடன் துடைத்துவிடும். ஆகவே தவறுதலாக அழித்தால் உடனே கணினியை அணையுங்கள். பழைய பழக்கத்தில் வெளி மென்பொருள் கொண்டு டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யாதீர்கள். வேகம் கூடாது, தேய்மானம்தான் கூடும்.

8. கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால்

முதலில் போன கடையில் 3,500 ரூபாய்க்கு அன்று மாலையே தருவதாகச் சொன்னார்கள். அவர்களும் முதலில் ஓட்டியது அதே ‘ஆர்’ விருப்பத்தைத்தான். இரண்டாவதாகப் போன தரவு மீட்பு நிறுவனத்தில் பரிசோதனைக்கு ஐந்து வேலைநாள் கேட்டு, பிறகு எழுத்தில் விலை கொடுத்தார்கள்: 18,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. முதலில் இங்கே வந்திருந்தால் இன்னும் கூடுதலாக மீட்டிருக்கலாம் என்றார் அங்கிருந்தவர்.

வட்டை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட் இல்லாமல் திரும்பாதீர்கள். அதில் வட்டின் வரிசை எண், நீங்கள் சொன்ன குறை, பரிசோதனைக் கட்டணம், மீட்க இயலாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவை இருக்க வேண்டும். ‘உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று உங்கள் கைப்படவே எழுதுங்கள். தூசியற்ற அறை இருக்கிறதா என்று கேளுங்கள்; சாதாரண மேசையில் வட்டைத் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள். எந்தக் கோப்புறைகள் முக்கியம் என்று ஒரு பட்டியலும் கொடுத்தால் அவர்கள் முதலில் அவற்றைத் தேடுவார்கள்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் அந்த ஜாப் ஷீட்தான் பேசும்.

9. பழைய வட்டு

வாரண்டியில் மாற்று வட்டு தருவார்கள். உள்ளே இருந்த தரவுக்கு வாரண்டி பொறுப்பேற்காது, கொடுத்த பழைய வட்டும் திரும்பி வராது. கோப்புகளை மீட்டு முடிக்கும்வரை வாரண்டிக்கு அனுப்பாதீர்கள். தேதி நெருங்கினால் எது பெரிது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டும். ஓடக்கூடிய வட்டு என்றால் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய வட்டுக்குப் பதிலாக இரண்டாம் கை வட்டு வாங்க நினைத்தால், கடையிலேயே ஸ்மார்ட் குறிப்பைத் திறந்து 09 என்ற வரியைப் பாருங்கள். அது வட்டு ஓடிய மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. 20,000 என்று காட்டினால், இரவும் பகலும் நிற்காமல் இரண்டேகால் ஆண்டுக்கு மேல் ஓடிய வட்டு அது. ‘கொஞ்சம்தான் ஓட்டியது’ என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அதை வாங்காமல் வந்துவிடுங்கள்.